கட்டா... கத்தியா? எலும்பு முறிவில் ஆய்வுகள் தரும் தீர்ப்பு

"மாவுக்கட்டு போட்டாப் போதும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா பக்கத்து பெட்காரருக்கு பிளேட் வெச்சிருக்காங்க. எங்க பையனுக்கு ஏன் வைக்கல?"

எந்த ஊர் மருத்துவமனையாக இருந்தாலும், எலும்பு முறிவு வார்டில் கால் மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். இரண்டு கட்டில் தள்ளி நேர் எதிரான பேச்சு நடக்கும். "அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசாச்சு. ஆபரேஷன் எல்லாம் தாங்க மாட்டாங்க. ஏதாவது கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடுங்க."

கத்தி தேவைப்படாத இடத்தில் குடும்பம் கத்தியைக் கேட்கிறது. கத்தி இல்லாமல் முடியவே முடியாது என்கிற இடத்தில் வேண்டாம் என்கிறது. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர்களே பல பத்தாண்டுகள் இந்தக் கேள்விக்கு அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்லி வந்தார்கள். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான் நிலைமை மாறியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரு சிகிச்சை, மறு பிரிவுக்கு இன்னொன்று என்று கொடுத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகள் வரிசையாக வந்தன. அவற்றின் முடிவுகள் பலரின் நம்பிக்கைகளைத் தலைகீழாக்கிவிட்டன.

அந்த முடிவுகள் நமக்கு ஏன் முக்கியம்? 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. இறந்தவர்கள் தலைப்புச் செய்தியில் வருகிறார்கள். தொடை எலும்பு ஒடிந்து ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாமல், நகையை அடகு வைத்துச் சாப்பிடும் குடும்பம் எந்தத் தலைப்பிலும் வருவதில்லை.

எலும்பு தானே கூடும்

முதலில் ஓர் அடிப்படை உண்மை. பிளேட், ராடு, ஸ்க்ரூ எதுவும் எலும்பை ஒட்ட வைப்பதில்லை. ஒட்டிக்கொள்வது எலும்பின் வேலை. அதுவரை முறிந்த துண்டுகளை நேராக, அசையாமல் பிடித்து வைப்பது மட்டுமே உலோகத்தின் வேலை.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கசிந்து உறைகிறது. குணமாகும் வேலை அந்த உறைந்த ரத்தத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு, மூன்று வாரங்களில் அங்கே நாரும் குருத்தெலும்பும் கலந்த மெத்தென்ற பாலம் ஒன்று உருவாகிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. எக்ஸ்-ரேயில் மூங்கில் கணு மாதிரி புடைத்துத் தெரிவது இதுதான். 'கேலஸ்' என்பார்கள் மருத்துவர்கள். அதன்பின் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், உடம்பு அந்தப் புடைப்பைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. தோல் வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கும். எலும்போ தழும்பில்லாமல் மறுபடி எலும்பாகவே வளரும்.

இதற்கு வேண்டியவை இரண்டு: ரத்த ஓட்டமும் நேரமும். மணிக்கட்டு முறிவு சுமார் ஆறு வாரத்தில் கூடிவிடும். தொடை, கீழ்க்கால் எலும்புகளுக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு. நடுவில் சதையே இல்லை. அதனால்தான் அங்கே ரத்த ஓட்டம் குறைவு, கூடுவதும் தாமதம். புகைப்பழக்கம் இருந்தால் அந்தத் தாமதம் இன்னும் நீளும். ஆட்டுக்கால் சூப்பை வேளை தவறாமல் குடித்துவிட்டு, மருத்துவமனை வாசலில் சிகரெட் பற்ற வைப்பவர் தன் எலும்புக்குத் தானே எதிரி.

எலும்பு கூடத் தவறினால் உலோகம் காப்பாற்றாது. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் பிளேட்டின் மீது அழுத்தம் விழுகிறது. எலும்பு கூடி அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளாவிட்டால், நல்ல தரமான பிளேட்டும் ஒருநாள் அலுத்து முறியும். "மட்டமான பிளேட் வெச்சுட்டாங்க" என்று கோபப்படும் பல இடங்களில் உண்மைக் காரணம், எலும்பு கூடாததுதான்.

எடையைத் தொங்கவிட்ட காலம்

மாவுக்கட்டுக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல். நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மாத்தைசன் 1851-ல் பிளாஸ்டர் மாவைத் தேய்த்த துணியை நனைத்துச் சுற்றும் முறையைக் கொண்டுவந்தார். கிரிமியப் போரில் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் பிரகோவ் அதைக் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பெரிய அளவில் பயன்படுத்தினார். கைக்கும் கீழ்க்காலுக்கும் அது போதுமானதாக இருந்தது. தொடை எலும்பு முறிந்தால்தான் சிக்கல். காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, நோயாளியை மூன்று மாதம் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, மடங்காத முழங்கால் எல்லாம் அந்தச் சிகிச்சையோடு சேர்ந்தே வந்தன.

ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-ல் தொடை எலும்பின் உட்குழிக்குள் நீண்ட உலோகத் தண்டைச் செலுத்தினார். இன்று நம் ஊரில் 'ராடு வைக்கிறது' என்று சொல்வதன் தொடக்கம் அது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் சிறைப்பட்டுத் திரும்பிய நேச நாட்டு வீரர்களின் எக்ஸ்-ரேயைப் பார்த்துத்தான் மற்ற நாட்டு மருத்துவர்கள் பலர் இப்படி ஒரு சிகிச்சை இருப்பதையே தெரிந்துகொண்டார்கள். 1958-ல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர் உள்ளிட்ட அறுவை மருத்துவர்கள் ஒன்றுகூடி 'ஏ.ஓ.' என்ற குழுவைத் தொடங்கினார்கள். எலும்பை அசையாமல் பொருத்து, மூட்டை உடனே அசைக்கவிடு என்பது அவர்களின் தாரக மந்திரம். பிளேட்டும் ஸ்க்ரூவும் உலகெங்கும் பரவியது இவர்களால்.

வயது வந்தவருக்குத் தொடை எலும்பின் நடுத்தண்டு முறிந்தால் ராடு. முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்து விலகினால் பிளேட். இதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உலோகம் இவ்வளவு நன்றாக வேலை செய்ததால், எல்லா முறிவுக்கும் உலோகமே நல்லது என்ற எண்ணமும் கூடவே வளர்ந்துவிட்டது.

கத்தி தோற்ற இடம்

கீழே விழும்போது கையை ஊன்றுகிறோம், மணிக்கட்டு முறிகிறது. உலகில் மிகச் சாதாரணமாக நடக்கும் முறிவுகளில் இது ஒன்று. 2000-க்குப் பிறகு நவீன 'லாக்கிங் பிளேட்' வந்தது. தோல் வழியே மெல்லிய கம்பிகளைச் செலுத்தும் பழைய முறையைவிட விலை அதிகம். பலனும் அதிகமா?

பிரிட்டனின் 18 மருத்துவமனைகளில் 461 பேரிடம் நடந்த ஆய்வு 2014-ல் பதில் சொன்னது. ஒரு வருடம் கழித்துக் கையின் வலியிலும் செயல்பாட்டிலும் கம்பி வைத்தவருக்கும் பிளேட் வைத்தவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அடுத்த கேள்வி: விலகிய எலும்பை இழுத்து நேராக்கிய பிறகு அந்தக் கம்பியாவது தேவையா, மாவுக்கட்டே போதாதா? 500 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் இரு பிரிவினரும் சமம். ஆனால் ஓர் எச்சரிக்கை: மாவுக்கட்டுப் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு முதல் ஆறு வாரத்துக்குள் எலும்பு மறுபடி விலகி, அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கட்டுப் போட்டதும் "ஒரு வாரம் கழிச்சு எக்ஸ்-ரே எடுக்க வாங்க" என்று மருத்துவர் சொல்வது இதற்காகத்தான். பஸ் காசு கொடுத்து இதற்காகவா வருவது என்று நினைத்து அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

தோள்பட்டை முறிவின் கதை இன்னும் சுவாரசியம். பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 250 பேரைப் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை. மீதிப் பேருக்குக் கையைத் தூளியில் தொங்கவிட்டு, பிறகு பயிற்சி. இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவினரும் ஒன்றுபோலத்தான் கையைத் தூக்கினார்கள். எல்லாத் தோள் முறிவுக்கும் இது பொருந்தாது என்றாலும், விலகிய முறிவு என்றாலே கத்தி என்ற விதி 2015-ல் வெளியான இந்த ஆய்வோடு ஆட்டம் கண்டது.

குழந்தைகள் விஷயத்தில் இயற்கை இன்னும் தாராளம். வளரும் எலும்பு தன் கோணலைத் தானே பெருமளவு சரிசெய்துகொள்ளும். மணிக்கட்டில் எலும்பு லேசாக நசுங்கி மட்டும் இருக்கும் 965 குழந்தைகளிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு 2022-ல் 'லான்செட்' இதழில் வந்தது. அந்தக் குழந்தைகளுக்கு மாவுக்கட்டுகூட வேண்டாம், மெல்லிய துணிக்கட்டு போதும் என்பது முடிவு. பிளேட் வைக்காத மருத்துவர் அலட்சியக்காரர் என்று நினைக்கும் பெற்றோர் இதைப் படிக்க வேண்டும்.

கட்டு இறுகினால்

கட்டு போதும் என்றதும் 'புத்தூர் கட்டு' நினைவுக்கு வரும். திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூருக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேன் பிடித்துப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. மூங்கில் தப்பை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு என்று அங்கே ஒரு மரபே இருக்கிறது. அது 1881-ல் தொடங்கியது என்பார்கள். அதே 1881-ல்தான் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன், இறுகக் கட்டிய கட்டு கையை எப்படி நிரந்தரமாக முடக்குகிறது என்று விளக்கி எழுதினார்.

முறிந்த இடம் வீங்கும். கட்டு விட்டுக்கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு, சில மணி நேரத்தில் சதை சாகத் தொடங்கும். அந்தக் கை பிறகு கோழிக்கால் போல மடங்கிச் சூம்பிவிடும். நாட்டு வைத்தியர் கட்டியதா, மருத்துவமனை மாவுக்கட்டா என்று இந்த ஆபத்து பார்ப்பதில்லை. கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர்போகிற வலி வந்தாலோ, விரல்கள் மரத்தாலோ, விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கும், மூட்டுக்குள் போகும் பல முறிவுகளுக்கும், முதியவரின் இடுப்பு முறிவுக்கும் வெறும் கட்டு மருந்தே ஆகாது.

கட்டு தோற்ற இடம்

பாத்ரூமில் வழுக்கி விழுகிறார் பாட்டி. எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. எலும்பு மருத்துவர் எக்ஸ்-ரே பார்க்கும் முன்பே சொல்லிவிடுவார்: இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பு முறிந்திருக்கிறது.

இங்கேதான் குடும்பங்கள் வயதைக் காரணம் காட்டித் தயங்குகின்றன. உண்மையில் வயதுதான் அறுவை சிகிச்சைக்குக் காரணம். படுத்தே கிடக்கும் முதியவரின் நுரையீரலில் சளி கட்டும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும், புத்தி தடுமாறும். அவரை மறுநாளே உட்கார வைத்து, நிற்க வைப்பதற்காகத்தான் எலும்பைப் பொருத்துகிறார்கள் அல்லது மூட்டை மாற்றுகிறார்கள். பிரிட்டனின் வழிகாட்டு நெறிப்படி மருத்துவமனைக்கு வந்த அன்றோ, அடுத்த நாளோ ஆபரேஷன் நடந்துவிட வேண்டும்.

இன்னும் வேகமாகச் செய்தால்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் முன்னின்று 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முறிவு உறுதியான சுமார் ஆறு மணி நேரத்தில் அறுவை சிகிச்சை. மற்றப் பிரிவுக்குச் சுமார் இருபத்துநான்கு மணி நேரத்தில். 90 நாள் இறப்பு முதல் பிரிவில் 9 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விரைவாகச் செய்தவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் குறைவு. சீக்கிரம் எழுந்து நின்றார்கள். சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஒரு நாள் தாமதமானவர்களுக்கே இவ்வளவு இழப்பு என்றால், "சித்தப்பா வந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று ஒரு வாரம் தள்ளிப்போடுபவர்களின் நிலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. லேசாக விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. இடுப்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்ற 2,127 பேரில் ஒரு பிரிவுக்கு வருடம் ஒருமுறை 'சோலெட்ரானிக் ஆசிட்' ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் இறந்தவர்கள் 9.6 சதவீதம், போடாதவர்களில் 13.3 சதவீதம். புதிய முறிவுகளும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இது 2007-லேயே வந்த முடிவு. ஆனாலும் ராடு வைத்து வீட்டுக்குப் போகும் பாட்டிகளின் டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து இருக்கிறதா என்று குடும்பத்தார்தான் இன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எலும்பு வெளியே தெரிந்தால்

விபத்து சிகிச்சையின் உண்மையான போர்க்களம், தோலும் சதையும் கிழிந்து எலும்பு மண்ணைத் தொட்ட முறிவு. 'ஓப்பன் பிராக்சர்' என்பார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸில் ரமோன் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1,025 முறிவுகளை ஆராய்ந்து, 1976-ல் இதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். இன்றும் உலகெங்கும் கேஸ் ஷீட்டில் எழுதப்படுவது அந்த வகைதான்.

ஆறு மணி நேரத்துக்குள் புண்ணைக் கழுவியாக வேண்டும் என்பது பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்த விதி. அதன் பூர்வீகம் 1898. பால் ஃப்ரீட்ரிக் என்ற ஜெர்மானியர் கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் இட்டு, எத்தனை மணி நேரத்தில் வெட்டி எடுத்தால் தப்பிக்கிறது என்று பார்த்தார். அப்போது ஆன்டிபயாட்டிக் கிடையாது. அந்த ஆறு மணிக் கணக்கை மனிதர்களிடம் சோதித்த பிற்கால ஆய்வுகள் பலவற்றில் அது நிற்கவில்லை. நின்றது வேறொன்று: முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி. பாட்ஸாக்கிஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் 1974 ஆய்வில், மருந்து தராத பிரிவில் 13.9 சதவீதம் பேருக்குச் சீழ் பிடித்தது. செஃபலோதின் தந்த பிரிவில் 2.3 சதவீதம்தான். பிந்தைய ஆய்வுகள், அந்த ஊசியை முதல் ஒரு மணி நேரத்திலேயே போடுவது நல்லது என்கின்றன. பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் செய்யும் சிறிய மருத்துவமனையே போட்டு அனுப்பக்கூடிய ஊசி அது.

புண்ணை எதனால் கழுவுவது? பீய்ச்சி அடிக்கும் விலை உயர்ந்த கருவிகள் சந்தைக்கு வந்தன. சோப்புக் கரைசல் நல்லது என்றார்கள். இந்தியாவும் பங்கெடுத்த ஐந்து நாட்டு ஆய்வில் 2,447 பேரைச் சோதித்தார்கள். எந்த வேகத்தில் பீய்ச்சினாலும் பலன் ஒன்றே. சோப்பு போட்டுக் கழுவியவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன். வெறும் உப்பு நீரான சலைனில் கழுவியவர்களில் 11.6 சதவீதம். பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டுக் குழாய் வழியே இறக்கும் சாதாரண சலைன் வென்றது. தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கும் பொருள்.

கழுவும்போது செத்த சதையை வெட்டி எறிய வேண்டும். எது செத்தது என்று எப்படித் தெரியும்? அறுவை மருத்துவர் நான்கு விஷயம் பார்க்கிறார். சதை சிவப்பாக இருக்கிறதா, கருத்துவிட்டதா? பிடித்தால் உறுதியாக இருக்கிறதா, கூழாகிவிட்டதா? இடுக்கியால் கிள்ளினால் துடிக்கிறதா? வெட்டினால் ரத்தம் கசிகிறதா? பாவம் பார்த்து விட்டுவைக்கும் துண்டுதான் பத்தாம் நாள் சீழாக வந்து நிற்கும்.

கோவை தந்த மதிப்பெண்

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. காலைக் காப்பாற்றுவதா, எடுப்பதா? காப்பாற்றப் போய் ஒன்றரை வருடம், பத்து ஆபரேஷன், வீடு விற்ற பிறகு காலையும் எடுத்தால் அது இரட்டைத் தண்டனை. 1990-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மதிப்பெண் முறை, ரத்த ஓட்டம் போன கால்களை மனதில் வைத்து உருவானது. ரத்த ஓட்டம் இருந்தும் சதையும் தோலும் சிதைந்த கால்களுக்கு அது சரிவரவில்லை.

கோவை கங்கா மருத்துவமனையில் எஸ்.ராஜசேகரன் தலைமையிலான குழு இதற்கென ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. கீழ்க்கால் எலும்பு வெளியே தெரிய முறிந்த 109 பேரிடம் சோதித்து, 2006-ல் பிரிட்டனின் எலும்பு அறுவை சிகிச்சை இதழில் வெளியிட்டது. தோலுக்கு 1 முதல் 5. எலும்புக்கு 1 முதல் 5. தசை, தசைநாண், நரம்புக்கு 1 முதல் 5. அதன்மேல், குணமாவதைக் கெடுக்கும் ஏழு நிலைமைகளில் ஒவ்வொன்றுக்கும் 2. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காப்பாற்றலாம். 17, அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது. 15, 16 என்றால் அனுபவசாலிகள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய இடம்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு சக்கர வண்டியில் வந்தவர் லாரி மோதி விழுகிறார். முறிந்த இடத்தின் மேலேயே தோல் போய்விட்டது: 4. எலும்பு பல துண்டு, ஆனால் எந்தத் துண்டும் காணாமல் போகவில்லை: 3. தசை அறுந்திருக்கிறது, தைத்துவிடலாம்: 2. மொத்தம் 9, தப்பும் கால். ஆனால் அவர் விழுந்தது சாக்கடையில்: கூட்டு 2. மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளி: கூட்டு 2. மூன்று மருத்துவமனை அலைந்து, புண்ணைக் கழுவி முடிக்கப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது: கூட்டு 2. இப்போது மொத்தம் 15. கால் அதே கால்தான். காயமும் அதேதான். அலைச்சல் மட்டும் இல்லாதிருந்தால் 13-ல் நின்றிருக்கும். சாக்கடையையும் வயல் சேற்றையும் நோயாளி வந்துசேரும் தாமதத்தையும் கணக்கில் சேர்த்த முறை நம் மண்ணிலிருந்து வந்ததில் வியப்பில்லை.

ஆபரேஷன் முடிந்தது, அப்புறம்?

கால் தப்பினால் வாழ்க்கை தப்பிவிடுமா? அமெரிக்காவில் கடுமையாகச் சிதைந்த கால்களோடு வந்த 569 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2002-ல் வெளியானது. காலை எடுத்தவர்களில் 53 சதவீதம் பேர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். காலைக் காப்பாற்றியவர்களில் 49.4 சதவீதம். ஏறக்குறைய சமம். யார் எழுந்து நிற்கிறார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தவை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்தன: படிப்பு, வருமானம், காப்பீடு, புகைப்பழக்கம், தாங்கிப் பிடிக்க மனிதர்கள், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை.

'அசையாதே' என்ற பழைய கட்டளையும் தளர்ந்து வருகிறது. கணுக்கால் ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்பார்கள். 500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2024-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு, பெரும்பாலோர் இரண்டாம் வாரத்திலிருந்தே ஊன்றலாம் என்கிறது. யாருக்கு எப்போது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்க வேண்டியது நாம். மறுபுறம், எலும்பை வேகமாகக் கூட வைக்கும் என்று விற்கப்பட்ட அல்ட்ராசவுண்ட் கருவியை 501 பேரிடம் சோதித்தபோது பலன் ஏதும் தெரியவில்லை. கருவிக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கலாம்; முட்டையும் பருப்பும் வாங்கலாம்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்

* இந்த முறிவு கட்டிலேயே கூடுமா? ஆபரேஷன் செய்தால் ஒரு வருடம் கழித்து எனக்கு என்ன கூடுதல் பலன்?
* கட்டு என்றால், எலும்பு விலகவில்லை என்று பார்க்க எந்தத் தேதியில் எக்ஸ்-ரே?
* புண் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் ஊசியும் டி.டி. ஊசியும் போட்டாயிற்றா?
* முதியவர் என்றால், எந்த நாளில் ஆபரேஷன்? எந்த நாளில் நிற்க வைப்பீர்கள்? எலும்புத் தேய்மானத்துக்கு என்ன மருந்து?
* எப்போது காலை ஊன்றலாம்? எந்தப் பயிற்சியை எப்போது தொடங்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும்; அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. உயிரைக் காக்க இது பெரிய உதவி. ஆனால் எலும்பு கூடுவது 48 மணி நேரத்தில் இல்லை, ஆறு மாதத்தில். அந்த ஆறு மாதத்துக்குத் தாலுகா மருத்துவமனைதோறும் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு மாத உதவித்தொகை வேண்டும். அரசு அடுத்து செய்ய வேண்டியது இந்த இரண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. சாலையில் எலும்பு வெளியே தெரிய ஒருவர் கிடந்தால், சுத்தமான துணியால் புண்ணை மூடுங்கள். துருத்தி நிற்கும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். காலை அசைக்காமல் கம்போ அட்டையோ வைத்துக் கட்டுங்கள். 108-ஐ அழையுங்கள். வீட்டில் பெரியவர் விழுந்து எழ முடியவில்லை என்றால், எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.